விலைக்கு ஒரு வாழ்த்து மடல்

அமெரிக்க மருந்துச் சந்தையை அலங்கரிக்கும் பெருமக்களே, விலை நிர்ணயக் குழுவின் வித்தகர்களே, முன்வரிசையில் கால்மேல் கால் போட்டு அமர்ந்திருக்கும் பங்குதாரர்களே, காப்புரிமை வழக்கறிஞர்களே, படியேற முடியாமல் சக்கர நாற்காலியோடு வாசலிலேயே நிறுத்தப்பட்டிருக்கும் நோயாளிகளே, எல்லோருக்கும் வணக்கம்.

நாலு பேர் நிற்கிற பயணியர் நிழற்குடை கட்டிவிட்டு, விழுகிற நிழலைவிடப் பெரிதாகத் தன் பெயரை எழுதிக்கொள்ளும் மக்கள் பிரதிநிதிகளின் மண்ணிலிருந்து வருகிறேன். அவர்களுக்கே ஆளுயர மாலை போடுகிறோம். மல்டிபிள் ஸ்க்லிரோசிஸ் என்ற ஒரே நோயை வைத்துக்கொண்டு முப்பது ஆண்டுகளாக இத்தனை அற்புதங்கள் நிகழ்த்திய உங்களுக்கு ஒரு பொன்னாடைகூடப் போர்த்தாமல் விட்டால் எங்கள் பண்பாடு என்னாவது? நேரம் கருதி இரண்டு வார்த்தை பேசச் சொல்லியிருக்கிறார்கள். எங்கள் ஊரில் இரண்டு வார்த்தை என்றால் எவ்வளவு நேரம் என்று உங்களுக்குத் தெரியாது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

வாசலில் நிற்பவர்களுக்கு நோயை விளக்க வேண்டியதில்லை. உள்ளே இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். எம்.எஸ். என்பது உடம்பைக் காக்க வேண்டிய நோயெதிர்ப்பு அணுக்கள், மூளையிலும் தண்டுவடத்திலும் நரம்பிழைகளைப் போர்த்தியிருக்கும் மயலின் உறையையே எதிரி என்று நினைத்துத் தின்னும் நோய். பெரும்பாலும் இருபதுக்கும் நாற்பதுக்கும் இடைப்பட்ட வயதில் வரும். ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம். ஒருநாள் காலையில் ஒரு கண் மங்கும். சில வாரத்தில் சரியாகிவிடும். அடுத்த வருஷம் கால் மரத்துப்போகும். அதுவும் பாதி சரியாகும். பிறகு சரியாவது குறையும், தங்குவது கூடும். நிலநடுக்கோட்டை விட்டு விலகிப் போகப் போக நோயாளிகள் அதிகம். உலகம் முழுக்க 28 லட்சம் பேருக்கு மேல் என்று கணக்கு.

இதிலே வியாபார நுட்பம் ஒன்று இருக்கிறது. இந்த நோய் ஆளைச் சட்டென்று கொல்வதில்லை, முழுதாக விடுவதும் இல்லை. இருபத்தைந்தில் பிடித்தால் நாற்பது ஆண்டு கூடவே நடந்து வரும், அவள் நடப்பது நின்ற பிறகும். எந்த வியாபாரிக்கும் கடவுளிடம் இப்படியொரு வாடிக்கையாளரை வரமாகக் கேட்கத் தோன்றியிருக்காது. கேட்காமலே கிடைத்தது உங்களுக்கு.

உங்களுக்கு முன்னால் இருந்தவர்கள் பாவம், பிழைக்கத் தெரியாதவர்கள். 1868-ல் பாரிஸின் சால்பெத்ரியேர் மருத்துவமனையில் இந்த நோயை முதன்முதலாக ஒழுங்காக வரையறுத்தவர் ஷார்கோ. எட்டிக்கொட்டையின் நஞ்சைக் கொடுத்துப் பார்த்தார், மின்சாரம் பாய்ச்சினார், வெள்ளியும் தங்கமும் ஊசியில் ஏற்றினார். எதுவும் பலிக்கவில்லை. மனிதர் தங்கத்தையே மருந்தாகக் கொடுத்திருக்கிறார், ஆனால் மருந்துக்குத் தங்க விலை வைக்கத் தெரியவில்லை. அதற்கு இன்னும் நூற்றிருபத்தைந்து ஆண்டு காத்திருக்க வேண்டியிருந்தது.

1993-ல் பீட்டாசெரான் வந்தது. நோய் திரும்பத் திரும்பத் தாக்குவதைக் குறைக்கும் முதல் மருந்து. சரக்கு பற்றாமல் குலுக்கல் முறையில் நோயாளிகளைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆண்டுக்குச் சுமார் 11,000 டாலர். அடுத்து அவோனெக்ஸ், கோபாக்ஸோன். அவையும் எட்டாயிரம், பத்தாயிரம் டாலர் என்றுதான் தொடங்கின. பிறகு புதுப்புது மருந்துகள் வரிசையாக வந்தன. கடைத்தெருவில் பத்துக் கடை திறந்தால் கத்தரிக்காய் விலை இறங்கும் என்றுதான் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். உங்கள் தெருவில் புதுக்கடைக்காரன் ஒரு விலை எழுதினால், பழைய கடைக்காரன் பதறிப்போய்த் தன் பலகையை அழித்துவிட்டு அதே விலையை எழுதுகிறான், அதே பழைய கத்தரிக்காய்க்கு! ஓரிகன் ஆய்வாளர்கள் 2015-ல் கணக்குப் போட்டார்கள். அந்த மூன்று பழைய மருந்துகளும் இருபது ஆண்டில் சுமார் 60,000 டாலருக்கு வந்து நின்றிருந்தன. மருந்தில் ஒரு மூலக்கூறும் மாறவில்லை. அதே ஆய்வாளர்களிடம் பிறகு பெயர் சொல்லாமல் பேசிய கம்பெனி அதிகாரிகள், பக்கத்துக் கம்பெனியின் விலையைப் பார்த்துத்தான் தங்கள் விலையை வைப்பதாக ஒப்புக்கொண்டார்கள். ஆராய்ச்சிச் செலவு, ஆராய்ச்சிச் செலவு என்று மேடைதோறும் நீங்கள் முழங்கியதை நம்பியிருந்த எனக்கு அதைப் படித்ததும் லேசாக மனசு கஷ்டமாக இருந்தது.

சரி, ஆராய்ச்சிக்கு வருவோம். உங்கள் ஆராய்ச்சியின் ஆழத்தைச் சோபாவிலிருந்து தொடங்குவதே பொருத்தம். டைமெத்தில் ஃபியூமரேட் என்று ஒரு ரசாயனம். சீனாவிலிருந்து கப்பலேறும் தோல் சோபாக்களில் பூஞ்சை பிடிக்காமலிருக்கச் சின்னப் பொட்டலமாகக் கட்டி உள்ளே வைத்தார்கள். உட்கார்ந்த பலருக்குத் தோல் வெந்து கொப்புளம் கண்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2009-ல் நுகர்பொருள்களில் அதற்குத் தடை போட்டது. பிரிட்டனில் சோபா விற்ற கடைகள் இழப்பீடு கொடுத்தே களைத்தன. இந்த ரசாயனத்தின் உறவுக்கூட்டத்தை 1959-லேயே ஷ்வெக்கென்டீக் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் தன் சொரியாசிஸுக்காகத் தன் உடம்பிலேயே சோதித்துப் பார்த்திருந்தார். 1994-லிருந்து ஜெர்மனியில் அது தோல் நோய் மாத்திரை. அதை பயோஜென் நிறுவனம் எடுத்து, எம்.எஸ். நோயாளிகளிடம் சோதித்து, 2013 மார்ச்சில் டெக்ஃபிடெரா என்று ஞானஸ்நானம் செய்து வைத்தது. விலை ஆண்டுக்கு 54,900 டாலர். பிறப்பைப் பார்த்து மதிக்கக் கூடாது, ஒப்புக்கொள்கிறேன். மருந்து வேலை செய்கிறது, அதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சோபாவுக்குள் இருந்தபோது அதற்கென்று தனியாக யாரும் பில் போட்டதில்லை.

அடுத்தவர் பறவை உலகத்திலிருந்து வருகிறார். 4-அமினோபிரிடின். அமெரிக்காவில் புறாக்களையும் காக்கைகளையும் விரட்ட தானியத்தில் கலந்து போடுவார்கள். தின்ற பறவை வலிப்பு கண்டு அலறித் துடிப்பதைப் பார்த்து மற்றவை பறந்தோடும். அளவோடு கொடுத்தால் எம்.எஸ். நோயாளிகளில் மூன்றில் ஒருவருக்காவது நடை கொஞ்சம் வேகமாகிறது. இதைத் தெருமுனை மருந்துக் கலவைக் கடைகளே மலிவாகச் செய்து கொடுத்துக்கொண்டிருந்தன. 2010-ல் ஆம்பிரா என்று பெயர் சூட்டி, மாதத்துக்கு ஆயிரம் டாலருக்கு மேல் வைத்தீர்கள். அந்த விலையைக் கேட்டு ஓடியது இம்முறை பறவைகள் அல்ல.

பன்றிக்குத் தனி மரியாதை செய்ய வேண்டும். பன்றியின் பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து எடுக்கும் ஆக்தார் என்ற ஊசி 1952-லேயே அனுமதி பெற்றது. எம்.எஸ். திடீரென்று தீவிரமாகும்போது போடலாம் என்று 1978-ல் சேர்த்துக்கொண்டார்கள். அந்த வேலைக்கு எல்லா ஊரிலும் மருத்துவர்கள் முதலில் எடுப்பது மெத்தில்பிரெட்னிசலோன் என்ற மலிவான ஸ்டீராய்டு. ஆகவே ஆக்தார் ஒரு குப்பி சுமார் 40 டாலருக்கு மூலையில் கிடந்தது. 2001-ல் குவெஸ்ட்கோர் என்ற நிறுவனம் மருந்தின் மொத்த உரிமையையும் வெறும் ஒரு லட்சம் டாலருக்கு வாங்கியது. 2007-ல் ஒரே இரவில் குப்பி 23,000 டாலர் ஆனது. அன்றிரவு பன்றிகள் எதுவும் செய்யவில்லை, விசாரித்துவிட்டேன். பிற்பாடு குப்பி 39,000 டாலர் வரை போனது. நடுவில் ஐரோப்பாவிலும் கனடாவிலும் இதே வேலையைச் செய்யும் செயற்கை மருந்தொன்று மலிவாகக் கிடைக்கிறது, அமெரிக்காவுக்குள் வந்துவிடும் என்ற அபாயம் எழுந்தது. அதன் அமெரிக்க உரிமையை 2013-ல் வாங்கினார்கள். வாங்கி? அலமாரியில் வைத்துப் பூட்டினார்கள். மறு ஆண்டு மாலின்க்ரோட் என்ற பெரிய நிறுவனம் குவெஸ்ட்கோரையே 560 கோடி டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியது. பூட்டி வைத்த குற்றச்சாட்டுக்காக 2017-ல் 10 கோடி டாலர் கட்டினார்கள். பூட்டுக்கு இவ்வளவு விலை கொடுத்தவர்கள் வரலாற்றில் குறைவு. அந்தப் பூட்டு சம்பாதித்துக் கொடுத்ததைப் பார்த்தால் அதுவும் மலிவுதான்.

ஒரு மருந்தின் விலையை ஏற்ற எத்தனையோ வழியுண்டு. மருந்தையே மறைத்துவிட்டு மறுபடி பிறக்க வைப்பது அவற்றில் உச்சம். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் நோய்க்கூறியல் துறையில் பிறந்ததால் கேம்பாத் என்று பெயர் பெற்ற மருந்து, ஒருவகை ரத்தப் புற்றுநோய்க்கு விற்பனையில் இருந்தது. அங்கேயே காம்ப்ஸ்டன், கோல்ஸ் போன்ற மருத்துவர்கள் அதை எம்.எஸ். நோயாளிகளுக்குக் கொடுத்து நல்ல பலன் கண்டார்கள். 2012-ல் சனோஃபியின் ஜென்சைம் நிறுவனம் கேம்பாத்தைச் சந்தையிலிருந்தே விலக்கியது. ரத்தப் புற்றுநோய்க்காரர்கள் எழுதிக் கேட்டால் இலவசமாகத் தருகிறோம் என்றது. புற்றுநோய் விலைக்கு எம்.எஸ். நோயாளி வாங்கிவிடக் கூடாதே என்ற கவலைதான் என்று மருத்துவர்கள் அப்போதே முணுமுணுத்தார்கள். லெம்ட்ராடா என்று அது மறுபிறவி எடுத்து 2014-ல் அமெரிக்காவுக்கு வந்தபோது, இரண்டு ஆண்டுச் சிகிச்சைக்கு, அதாவது எட்டு நாள் ஊசியில் மொத்தம் 96 மில்லிகிராமுக்கு, 1,58,000 டாலர். மில்லிகிராம் ஒன்றுக்கு ஆயிரத்து அறுநூறு டாலருக்கு மேல். அந்த ஆண்டு ஒரு முழு கிராம் தங்கம் நாற்பது டாலர் வாக்கில் விற்றது. ஷார்கோ எவ்வளவு சிக்கனமாக வைத்தியம் பார்த்திருக்கிறார் பாருங்கள்.

ரிட்டுக்ஸிமாப்பைப் பற்றி நீங்கள் யாரும் பேச விரும்புவதில்லை என்பதால் நான் பேசுகிறேன். 1997-லிருந்து புழக்கத்தில் இருக்கும் புற்றுநோய் மருந்து. எம்.எஸ். நோயாளிகள் 104 பேரிடம் சோதித்து, மூளையில் புதிய புண்கள் வருவதை அது வெகுவாகக் குறைக்கிறது என்று 2008-ல் நல்ல பத்திரிகையில் நல்லபடியாகக் கட்டுரை வந்தது. அடுத்தது பெரிய சோதனைதானே? இல்லை. காப்புரிமை முடியும் காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. அதே பி வகை நோயெதிர்ப்பு அணுக்களை, அதே வழியில், அதே இலக்கில் தாக்கும் ஆக்ரெலிஸுமாப் என்ற தம்பியை முன்னால் தள்ளினார்கள். 2017-ல் தம்பி ஆண்டுக்கு 65,000 டாலரில் வந்து, 2023-ல் ரோஷ் நிறுவனத்துக்கு 600 கோடி சுவிஸ் பிராங்குக்கு மேல் விற்றுக் கொடுத்தான். தொடக்கத்திலிருந்தே முற்றிக்கொண்டு போகும் வகை எம்.எஸ்.ஸுக்கு முதலில் அனுமதி பெற்ற மருந்து அவன்தான், அந்தப் பெருமையை நான் பறிக்கவில்லை. ஆனால் அண்ணன் சும்மா இருக்கவில்லை. சுவீடனில் மருத்துவர்கள் எந்தக் கம்பெனியின் தயவும் இல்லாமல் ரிட்டுக்ஸிமாப்பையே எழுதிக் கொடுக்கத் தொடங்கினார்கள். 2022-ல் அவர்கள் வெளியிட்ட சோதனையில், நம் சோபா மருந்தைச் சாப்பிட்டவர்களில் 16 சதவீதம் பேருக்கு இரண்டாண்டில் நோய் திரும்பத் தாக்கியது. ரிட்டுக்ஸிமாப் போட்டவர்களில் 3 சதவீதம்தான். 2023-ல் உலக சுகாதார நிறுவனம் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் முதன்முதலாக எம்.எஸ்.ஸுக்கென்று மூன்று மருந்துகளைச் சேர்த்தபோது அதில் ரிட்டுக்ஸிமாப்பும் ஒன்று. ஹைதராபாத்தின் டாக்டர் ரெட்டீஸ் 2007-லேயே அதன் மலிவு வடிவத்தை விற்கத் தொடங்கியதால் நம் நாட்டு நரம்பியல் மருத்துவர்களுக்கும் அது நெடுநாள் பழக்கம். மருந்து சொல்கிறது, வேலை செய்கிறேன் என்று. உரிமையாளர் சொல்கிறார், சத்தம் போடாதே என்று.

நோயின் வேர் எது என்று தேடியவர்கள் இந்த மேடைக்கு அழைக்கப்படவில்லை. ஹார்வர்டில் ஆஸ்கெரியோ குழுவினர், அமெரிக்க ராணுவம் தன் ஒரு கோடி வீரர்களிடம் எடுத்துச் சேமித்திருந்த ரத்தத்தைக் கிளறி, எப்ஸ்டீன்-பார் வைரஸ் தொற்றிய பிறகு எம்.எஸ். வரும் வாய்ப்பு 32 மடங்கு ஆகிறது என்று 2022-ல் காட்டினார்கள். ஆய்ந்த 801 நோயாளிகளில் அந்த வைரஸ் தொற்றாமலே நோய் வந்தவர் ஒரே ஒருவர். பெரியவர்களில் கிட்டத்தட்ட எல்லோருக்கும் தொற்றும் வைரஸ் அது. ஆகவே வைரஸ் மட்டும் போதாது. பரம்பரை, புகை, வைட்டமின் டி குறைவு என்று இன்னும் சில கைகள் சேர வேண்டியிருக்கிறது. ஆனாலும் தடுப்பூசி ஒன்று வந்தால் நோயே வராமல் போகலாம் என்ற நம்பிக்கைக்கு இப்போது அடித்தளம் இருக்கிறது. அந்த வைரஸைக் கண்டுபிடித்தது 1964-ல். தடுப்பூசி இன்னும் சோதனைக்கட்டத்தில்தான் இருக்கிறது. அவசரமில்லை. ஒரு தடவை போட்டுவிட்டு வீட்டுக்குப் போகிற ஊசிக்கு நாற்பது ஆண்டு வாடிக்கையாளர் கிடைக்க மாட்டார்.

மன்னிக்க வேண்டும், வாழ்த்து மடலில் குரல் உயரக் கூடாது என்று தெரியும். ஆனால் ஒன்றைச் சொல்லாமல் போக முடியவில்லை. இந்த மருந்துகள் போலி என்றால் சிரித்துவிட்டு எழுந்து போயிருப்பேன். போலி இல்லை. நல்ல மருந்துகள். சரியான சமயத்தில் கிடைத்தால் ஒரு பெண் தன் குழந்தையைத் தானே தூக்கி இடுப்பில் வைத்துக்கொள்வாள், கிடைக்காவிட்டால் மாட்டாள். ஒரு தாக்குதலில் அறுந்துபோன நரம்பிழை, அடுத்த மாதம் இன்ஷூரன்ஸ் கடிதம் வந்துவிட்டது என்பதற்காக ஒட்டிக்கொள்ளாது. ஊசியைத் தள்ளிப் போட்டவள், மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் விழுங்கியவள், வேலை போனதும் காப்பீடும் போனவள், எல்லோரும் தவணை கட்டியது தங்கள் காலை வைத்து, கண்ணை வைத்து, மூத்திரத்தை அடக்கும் சக்தியை வைத்து. இதை நீங்கள் அறியாமல் செய்யவில்லை. விலை ஏற்றினால் விலகுவோர் இருப்பார்கள் என்று தெரிந்தேதான் ஏற்றினீர்கள்.

தண்ணீர் குடித்துக்கொண்டேன். இனி விழா நாயகர்.

கோபாக்ஸோனின் கதை ஒரு நல்ல தவறிலிருந்து தொடங்குகிறது. இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் மைக்கேல் சேலா, ரூத் ஆர்னோன், த்வோரா டைட்டெல்பாம் மூவரும் 1960-களில் விலங்குகளுக்கு எம்.எஸ். போன்ற நோயை உண்டாக்க நினைத்து நான்கு அமினோ அமிலங்களைக் கோத்தார்கள். அது நோயை உண்டாக்காமல் தடுத்தது. அந்த மூவரின் பொறுமைக்கு நான் நெஞ்சாரக் கைதட்டுகிறேன். பிறகு அது டெவா நிறுவனத்தின் கைக்குப் போனது. அமெரிக்க நாடாளுமன்றக் குழு 2020-ல் தோண்டி எடுத்த ஆவணங்கள் சொல்கின்றன: 1997-லிருந்து 27 முறை விலையேற்றம். ஆண்டுக்குச் சுமார் 10,000 டாலராக இருந்தது கிட்டத்தட்ட 70,000 ஆனது. அமெரிக்காவில் மட்டும் நிகர வருமானம் 3,400 கோடி டாலருக்கு மேல். ஆராய்ச்சிக்குச் செலவிட்டது அதில் சுமார் 2 சதவீதம். எங்கள் ஊர்க் கோயில் திருவிழாவில் பட்டாசுக்கே இதைவிட அதிக விகிதம் ஒதுக்குவார்கள்.

காப்புரிமை 2014 மே மாதம் முடிய வேண்டியிருந்தது. ஜனவரியிலேயே வாரம் மூன்று முறை போடும் இரட்டை அளவு ஊசிக்கு அனுமதி வாங்கி, நோயாளிகளை அவசர அவசரமாக அதற்கு மாற்றினார்கள். பழைய அளவுக்கான மலிவு மருந்து 2015-ல் வாசலைத் தட்டியபோது வீட்டில் பெரும்பாலோர் இல்லை. புது அளவுக்கும் மலிவு வடிவம் 2017-ல்தான் வந்தது, ஹைதராபாத்தின் நாட்கோ நிறுவனம் தயாரித்துக் கொடுத்து.

டெவாவினர் தர்மமும் செய்தார்கள், அதைச் சொல்லாவிட்டால் நன்றி கொன்றவனாவேன். அரசின் மெடிகேர் காப்பீட்டில் இருப்பவர்கள் மருந்து விலையில் ஒரு பங்கைத் தாங்களே கட்ட வேண்டும். அப்போது விலை ஏறினால் அந்தப் பங்கும் ஏறியது, கட்ட முடியாமல் மருந்தை விட்டுவிட்டார்கள். கம்பெனி நேரடியாகக் கட்டிக் கொடுத்தால் லஞ்சம் என்கிறது சட்டம். ஆகவே அறக்கட்டளைகளுக்கு 30 கோடி டாலருக்கு மேல் நன்கொடை கொடுத்தார்கள் என்றும், அந்தப் பணம் கோபாக்ஸோன் நோயாளிகளின் பங்கைக் கட்டத்தான் என்றும் அமெரிக்க அரசு 2020-ல் பாஸ்டனில் வழக்குப் போட்டது. நோயாளி சார்பில் அறக்கட்டளை கொஞ்சம் கட்டும், மீதிப் பெரும்பங்கை மக்கள் வரிப்பணத்திலிருந்து அரசு கட்டும், எல்லாம் ஒரே கல்லாவுக்கு வந்து சேரும். கொடுத்த வள்ளலுக்கே வட்டியோடு திரும்பி வருகிற தர்மத்தை நம் புராணங்களில் நான் கண்டதில்லை. இன்னொரு வழக்கையும் சேர்த்து 2024-ல் 45 கோடி டாலரில் சமரசமானது. பயோஜென்னோ மருத்துவர்களைக் கவனித்துக்கொண்டது. சொற்பொழிவுக் கட்டணம், ஆலோசனைக் கட்டணம், நல்ல சாப்பாடு. இது லஞ்சம் என்று தன் முன்னாள் ஊழியர் ஒருவரே தொடுத்த வழக்கை, குற்றச்சாட்டை மறுத்தபடியே 2022-ல் 90 கோடி டாலர் கொடுத்து முடித்தது. குற்றமே செய்யாதவர்கள் எவ்வளவு தாராளமாகப் பணம் கொடுக்கிறார்கள்!

இவ்வளவுக்கும் இடம் கொடுத்தவர்களுக்கும் ஒரு துண்டு எடுத்து வைத்திருக்கிறோம். மெடிகேர் மருந்து விலையைப் பேரம் பேசவே கூடாது என்று 2003-ல் சட்டம் இயற்றிய அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்கள் மேடைக்கு வரவும். தெருவில் கீரை வாங்குகிற கிழவிக்கு உள்ள உரிமை உலகத்தின் மிகப் பெரிய அரசுக்கு இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவர்கள். அதைத் தளர்த்த 2022 வரை ஆனது.

கடைசியாக நினைவுப் பரிசு. இதை வழங்கியவர்கள் நாங்கள் அல்ல, ஐரோப்பிய ஆணையம். கோபாக்ஸோனுக்குப் போட்டி வராமலிருக்கக் காப்புரிமை விண்ணப்பங்களைத் துண்டு துண்டாகப் போட்டு விளையாடியதற்கும், போட்டி மருந்தைப் பற்றி மருத்துவர்களிடம் இல்லாத பயத்தைக் கிளப்பியதற்கும் சேர்த்து, 2024 அக்டோபர் 31 அன்று டெவாவுக்கு 46.26 கோடி யூரோ அபராதம் விதித்தது. பெரிய தொகைதான், கேட்டதும் எனக்கே கை நடுங்கியது. கோபாக்ஸோன் அதன் உச்ச ஆண்டுகளில் ஒன்றரை மாதத்தில் சம்பாதித்த தொகை அது. அநியாயம், மேல்முறையீடு செய்வோம் என்று நிறுவனம் அன்றே அறிவித்துவிட்டது.